முந்நூற்றுப் பதினெட்டுக்குத் தோட்டா இல்லை

நான் கடைக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் இடது கையால் மேசையை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

மார்கழி மாதத்து முற்பகல். துப்பாக்கிக் கடைக்காரர்கள் மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய இருப்பு விவரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது அவரை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளே இருக்கிற கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அந்தக் கதவுக்குப் பின்னால். அவரும் மேசையும் இந்தப் பக்கம்.

பக்கவாதம் வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கும். வலது கையும் காலும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "சரி." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைத் திட்ட வேண்டுமென்றாலும் அதுதான். எந்தச் "சரி" எதற்கு என்று எனக்கு முக்கால்வாசி பழகியிருந்தது.

அன்றைக்குக் கேட்டது பழகாத "சரி".

"சரி. சரி. சரி," என்றார், தட்டிக்கொண்டே. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாத்ரூம் போக வேண்டும் போல என்று எழுப்பப் போனேன். உதறினார். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரைத் தள்ளிவிட்டார், தண்ணீர் ரசீதுப் புத்தகத்தில் கொட்டியது. அதைத் துடைக்கும்போதுதான் அவர் மூடிய கைக்குள் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது.

மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே ஒரு ரைபிள் தோட்டா. அதை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் மேசையைக் குத்தியிருக்கிறார்!

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீளமான பித்தளைத் தோட்டா. எங்கள் கடையில் அந்த வகை இருந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கழுத்தில் புதிதாக அரம் ஓடிய கீறல். குண்டு ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அடியில், விசை இழுத்தால் ஊசி குத்துகிற கேப்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தழும்புகள். அங்கே பொறித்திருந்த அளவு எண் வேறொரு வகைத் துப்பாக்கியுடையது. யாரோ ஒரு தோட்டாவை இன்னொரு தோட்டாவாக மாற்றியிருக்கிறார்கள்.

"யாரு கொண்டாந்தா?"

"சரி."

பக்கத்துச் சைக்கிள் கடை மைதீன் பாய் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"குருவிகுளத்து வெங்கடாசலம் அண்ணாச்சி வந்துட்டுப் போனாரும்மா. ரொம்ப சந்தோஷத்துல இருந்தாரு. 'நீங்க தராட்டாலும் எனக்குக் கெடச்சிட்டு, அண்ணாச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ண இவருக்குக் குடுத்தாரு. இன்னைக்கே ஓடைக்கரையில வச்சு வெடிச்சுப் பாக்கப் போறாராம்."

"எப்ப போனாரு?"

"அரை மணி நேரம் இருக்கும்."

என் கணவர் மேசையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடாசலத்துக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. தோட்டாவைத் தீ வாளியில் இருந்த மணலுக்குள் வைத்து, வாளியைக் கம்பிக் கதவுக்கு உள்ளே தள்ளிப் பூட்டினேன். மைதீன் பாயிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

எண்ணைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்

அந்த ஓட்டத்தைச் சொல்வதற்கு முன்னால், ஒரு தோட்டாவுக்கு ஏன் இத்தனை கலவரம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கிக் கடை நடத்துகிற பெண்பிள்ளையா என்று நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் படிக்கிற பலர் கேட்கிறார்கள். கடை மாமனார் காலத்தது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது இவர் படுத்த பிறகு. ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த அலமாரியைத் துடைத்தது நான்தான்.

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் துப்பாக்கியைத்தான் பார்ப்பார்கள். குழாயைத் தடவுவார்கள், கட்டையின் மினுமினுப்பைப் பார்ப்பார்கள், தோளில் வைத்துக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தராவது தோட்டா அலமாரியைப் பார்த்து நான் கண்டதில்லை.

துப்பாக்கி நூறு வருடம் இருக்கும். எண்ணெய் போட்டால் பேரன் காலத்துக்கும் இருக்கும். தோட்டா அப்படி இல்லை. எங்கோ ஒரு தொழிற்சாலை இனி இந்த எண்ணை, அதாவது இந்தக் குழாய் அளவுத் தோட்டாவை, செய்வதில்லை என்று ஒரு நாள் முடிவெடுத்தால், வீட்டில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்.

பன்னிரண்டு போர் என்கிற ரவைத் துப்பாக்கி, பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்கான தோட்டாவை நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் செய்கிறார்கள். ஒரு இடத்தில் நின்றால் இன்னொரு இடத்தில் வரும். ரைபிளில் முந்நூற்றுப் பதினைந்து, அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. கனம், முரடு. தோட்டா சில மாதம் தாமதமாகும், ஆனால் வந்துவிடும். ஊரூருக்கு அந்தத் துப்பாக்கி இருக்கும்போது தோட்டாவை நிறுத்த யாருக்கும் மனசு வராது. முப்பது-நாட்-சிக்ஸ் என்று ஒன்று உண்டு. நல்ல துப்பாக்கிதான்; எங்களுக்கு ஒரு வருடம் தோட்டா வரும், அடுத்த இரண்டு வருடம் கையை விரிப்பார்கள். சின்ன டுவென்டி டூ தோட்டா தாராளம், ஆனால் அதை வைத்துக் காட்டுப் பன்றி முன்னால் போய் நிற்கக் கூடாது. காயம்பட்ட பன்றி ஆளைக் கிழிக்கும்.

அப்புறம் வெள்ளைக்காரன் காலத்துச் சீமைத் துப்பாக்கிகள். அதன் எண்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இறக்குமதி நின்று எத்தனையோ வருடம் ஆயிற்று. முந்நூற்றுப் பதினைந்துக்கும் முந்நூற்றுப் பதினெட்டுக்கும் மூணுதானே வித்தியாசம், அதைப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. எண் பக்கத்தில் இருப்பதால் தோட்டா பக்கத்தில் வந்துவிடாது. நீளம் வேறு, அடி வேறு, குண்டின் பருமன் வேறு.

வெங்கடாசலத்திடம் இருந்தது முந்நூற்றுப் பதினெட்டு.

அந்த வருடத்துப் பேச்சு

குருவிகுளம் பக்கம் வானம் பார்த்த பூமி. வெங்கடாசலத்துக்கு அங்கே ஏழெட்டு ஏக்கர் கரிசல். அந்த வருடம் மக்காச்சோளம் கதிர் பிடித்த நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கியது. தின்றது கொஞ்சம், மிதித்துச் சாய்த்தது நிறைய. கார்த்திகையில் ஒரு நாள் களை எடுக்கப் போன ஒரு அம்மாவின் தொடையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டு அந்த அம்மா பிழைத்தது.

அதே சமயத்தில், பன்றியைச் சுட, வனத்துறை ஆட்களோடு துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உத்தரவு எதுவும் என் கண்ணில் படவில்லை. பயிர்க் காவலுக்கு வாங்கிய துப்பாக்கியால் வெடிச்சத்தம் போட்டு விரட்டலாம் என்பதைத் தாண்டி யாருக்கும் அனுமதி இல்லை. ஆனாலும் பேச்சு போதுமானதாக இருந்தது. பல வருடமாகத் துணி சுற்றிக் கிடந்த துப்பாக்கிகள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்தன. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து, நல்ல ரைபிள் எது என்று கேட்டார்.

"சார், அஞ்சு வருஷம் கழிச்சு எதுக்குத் தோட்டா கெடைக்கும்னு கேளுங்க. அதுதான் நல்ல ரைபிள்," என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

வெங்கடாசலமும் அந்த வாரம் வந்திருந்தார். அறுபது வயது, வெள்ளை வேட்டி, எப்போதும் சட்டைப் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி. எங்களைவிடப் பெரியவர் என்றாலும் என் கணவரை அவர் அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். அந்த ரைபிளை அவருக்கு விற்றது என் கணவர்தான். வால்நட் கட்டை, அதில் கையால் செதுக்கிய கட்டங்கள். கூட வந்த தோட்டாக்கள் ஒரு கைப்பிடி. அவை தீர்ந்து பல வருடம் ஆகியிருந்தன. ஒவ்வொரு லைசென்ஸ் புதுப்பித்தலுக்கும் வந்து, "வந்துட்டா அண்ணாச்சி?" என்பார். "வந்துரும்," என்பார் இவர். அவர் போய்விடுவார். இது இருபது வருடத்துக்கு மேல் நடந்தது.

இந்த முறை என்னிடம் கேட்டார். "வராது அண்ணாச்சி, அத ஒப்படைச்சிட்டு வேற வாங்குங்க," என்றேன்.

"அண்ணாச்சி வரும்னு வாக்குக் குடுத்திருக்காரு மதினி," என்றார். நாற்காலியில் இருந்த என் கணவரைப் பார்த்தார்.

"சரி," என்றார் இவர்.

அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குருவிகுளம் ரோடு

தறி ஓடுகிற தெருக்களைத் தாண்டவே நேரம் பிடித்தது. பாவு நூல் ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று சந்தை முக்கில் குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்தியபடியே இருந்தேன். டிரைவர் இறங்கி வந்து, "அவசரம்னா பறந்து போங்களேன்," என்றான். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

ஊரைத் தாண்டினதும் ஓரமாக நிறுத்தி இன்னொரு முறை போன் போட்டேன். மணி மட்டும் அடித்தது.

அவர் மனைவி நம்பர் என்னிடம் இல்லை. மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேனே, பத்திரிகையில் ஒரு நம்பர் இருந்திருக்குமே, ஏன் குறித்து வைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். ரோட்டில் கிடை ஆடுகள் போய்க்கொண்டிருந்தன. இருநூறு ஆடாவது இருக்கும். பின்னால் வந்தவர் கம்பை ஆட்டி வழி விட்டார். ஆடுகளுக்கு நடுவே கால் ஊன்றி ஊன்றிப் போனேன். கம்பளி வாடையும் புழுதியும் மூக்கில் ஏறின.

மனசுக்குள் ஓடியது ஒன்றுதான். ஒழுங்கில்லாத தோட்டா மூன்று விதமாக நடந்துகொள்ளும். வெடிக்கவே வெடிக்காது. அல்லது அதிகமாக வெடித்துத் துப்பாக்கியையே பிளக்கும். மூன்றாவதுதான் மோசம். விசையை இழுத்ததும் "டிக்" என்று மட்டும் கேட்கும். வெடிக்கவில்லை என்று நினைத்துத் திறக்கிற நேரத்தில், உள்ளே ஊமையாகப் புகைந்துகொண்டிருந்த மருந்து பிடித்துக்கொள்ளும். திறந்த பக்கம் கையும் முகமும் இருக்கும்.

வெங்கடாசலத்துக்கு அது தெரியாது. அவர் வாழ்நாளில் சுட்ட தோட்டாக்கள் மொத்தமே ஒரு கைப்பிடி, அத்தனையும் அசல்.

ஓடைக்கரை

அவர் புஞ்சைக்கு ஒரு மண் பாதை. ஸ்கூட்டி கரிசலில் புதைய ஆரம்பித்ததும் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். மக்காச்சோளத் தோகைகள் கையைக் கீறின. அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கு எதிர்க்கரை ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு.

தோகைகளை விலக்கி வெளியே வந்தபோது அவர்கள் தெரிந்தார்கள். நூறடி இருக்கும். வெங்கடாசலம் தரையில் உட்கார்ந்து, மணல் சாக்கின் மேல் ரைபிளைச் சாய்த்து, கன்னத்தைக் கட்டையில் பதித்திருந்தார். எதிர்க்கரையில் ஒரு பெயிண்ட் டப்பா மூடியைச் செருகி வைத்திருந்தார்கள். மருமகன் கார்த்திக் பக்கத்தில் குனிந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கார்த்திக்கின் முகம், தோட்டா போடத் திறந்து மூடுகிற போல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கூப்பிட வாய் திறந்தேன். ஓடி வந்ததில் மூச்சுதான் வந்தது.

"டிக்."

அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வெங்கடாசலம் தலையைத் தூக்கினார். "என்னவே இது," என்றார் மருமகனிடம். வலது கை விசையிலிருந்து போல்ட்டுக்குப் போனது.

"அண்ணாச்சி, தொடாதீங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் உடம்போடு சேர்ந்து ரைபிளின் குழாயும் சாக்கின் மேல் திரும்ப ஆரம்பித்தது. மருமகனின் முழங்காலைத் தாண்டி என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"திரும்பாதீங்க. என்னப் பாக்காதீங்க. கரையப் பாருங்க. குழாய் கரையப் பாத்தே இருக்கணும்."

"என்ன மதினி, நீங்க எங்கன இங்க..."

"கரையப் பாருங்க அண்ணாச்சி."

குழாய் மெதுவாக மண்மேட்டுக்குத் திரும்பியது.

"வெடிக்கல, அவ்வளவுதான் அத்தை," என்றார் கார்த்திக். "எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுரலாம்."

"தம்பி, நீங்க எந்திரிச்சு என் பின்னால வாங்க. போன் கெடக்கட்டும். வாங்க."

அவர் வந்தார்.

வெங்கடாசலம் மட்டும் அங்கே. இடது கை கட்டையைத் தாங்கியிருந்தது. வலது கை போல்ட்டுக்கு மேல் காற்றில் நின்றது.

"அந்தக் கையக் கீழ கொண்டாங்க. கட்டையப் பிடிங்க. மூஞ்சிய எவ்வளவு விலக்க முடியுமோ விலக்குங்க. அசையாம இருங்க. நான் எண்ணுதேன்."

"எதுக்கு எண்ணணும்?"

"உள்ள இன்னும் உசுரு இருக்கலாம்."

எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமாக, நிதானமாக. நிதானம் என்னிடம் இல்லை; இருப்பது போல எண்ணினேன். ஆறில் அவர் முகத்தை இன்னும் கொஞ்சம் விலக்கினார். ஒன்பதில், "கை மரத்துப் போவுது மதினி," என்றார். "இருக்கட்டும்," என்றேன். பன்னிரண்டு. எங்கோ பம்ப்செட் ஓடுகிற சத்தம். பதினாலு. ஒன்றும் நடக்காது, முப்பது எண்ணிவிட்டு இன்னொரு முப்பது எண்ணி, இவர் சிரித்து, என்னை வைத்து ஊரெல்லாம் கேலி பண்ணப் போகிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. பதினாறு.

பதினேழு சொல்ல வாய் திறந்தபோது வெடித்தது.

துப்பாக்கிச் சத்தம் போலவே இல்லை. ஈரத் துணியில் சுற்றிய எதையோ அடித்த மாதிரி, கனமாக. எதிர்க்கரையில் டப்பா மூடிக்கு வெகு தூரம் தள்ளி மண் தெறித்தது. போல்ட்டின் பக்கவாட்டிலிருந்து கறுப்புப் புகை பீறிட்டது. ரைபிள் சாக்கிலிருந்து எகிறி விழுந்தது. வெங்கடாசலம் மல்லாந்து கிடந்தார்.

கார்த்திக்தான் முதலில் ஓடினார். "மாமா, மாமா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வலது புருவம் பொசுங்கியிருந்தது. கன்னத்தில் கடுகு தெளித்த மாதிரி கரும்புள்ளிகள், அதில் இரண்டு மூன்றில் ரத்தம். வேறு காயம் இல்லை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களை மடக்கினார், நீட்டினார், மடக்கினார்.

"இது அங்கனதான் இருந்திருக்கும்," என்றார்.

வால்நட் கட்டை, பிடிக்கும் இடத்தில், நீளவாக்கில் பிளந்திருந்தது.

நான் வாசித்த கடிதம்

அவர் வாங்கி வந்த தோட்டா டப்பாவில் இன்னும் ஏழு இருந்தன. சந்தையில் பழக்கமான ஒருவன், வடக்கே ஒரு இடத்திலிருந்து வருகிற அசல் சரக்கு என்று கொடுத்தானாம். கார்த்திக் அவற்றைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றார்.

"ஸ்டேஷனுக்குச் சொல்லணும்," என்றேன்.

வெங்கடாசலம் நிமிர்ந்து பார்த்தார். "மதினி, லைசென்ஸ் இல்லாதவன்ட்ட தோட்டா வாங்குனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். கேஸ் வரும். லைசென்ஸ் போயிரும். ஊர்ல தலை காட்ட முடியாது. இங்கனயே புதைச்சிருவோம்."

"வேற எத்தன பேருக்கு அவன் குடுத்திருக்கானோ அண்ணாச்சி. அவங்க பக்கத்துல எண்ணுததுக்கு ஆள் இருக்காது."

"அண்ணாச்சி சொன்னத நம்பித்தான இத்தன வருஷம் அத வச்சிருந்தேன். தோட்டா வரும், வரும்னு. அவரு அப்பவே வராதுன்னு சொல்லியிருந்தா நான் இவன்ட்ட ஏன் போறேன்?"

அதற்கு நான் என்னென்னவோ பதில் சொல்லியிருக்கலாம். என் கணவருக்கு அப்போது தெரியாது, பிறகுதான் நிலைமை மாறியது என்று. வழி நெடுக அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பொசுங்கிய புருவத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வரப்பில் உட்கார்ந்தேன்.

நடந்தது இது. என் கணவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். மொத்த வியாபாரிகளிடமிருந்து வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்த ரைபிளை ஒருவர் எங்கள் கடையில் விற்பனைக்கு விட்டிருந்த சமயம், முந்நூற்றுப் பதினெட்டுக்குத் தோட்டா கேட்டு எழுதியிருந்தோம். பதில் வந்தது. இருப்பு இல்லை, இனி வரவும் வராது, அந்த எண்ணுக்கு ஆர்டர் அனுப்ப வேண்டாம். நான் வாசித்தேன். இவர் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வெங்கடாசலம் வந்தார். ஸ்டாண்டில் இரண்டு ரைபிள் இருந்தன, முந்நூற்றுப் பதினைந்தும் இதுவும். அவர் இதைத்தான் கையில் எடுத்தார். எடுத்த கை கீழே வைக்கவில்லை. "தோட்டா கெடைக்குமா அண்ணாச்சி?" என்றார். இவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். எங்களுக்கு அந்த மாதம் ஒரு வியாபாரம் தேவையாக இருந்தது. நான் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "அதெல்லாம் வந்துரும்," என்று இவர் சொன்னது உள்ளே கேட்டது.

இதை அப்படியே வெங்கடாசலத்திடம் சொன்னேன். கார்த்திக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெங்கடாசலம் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ரைபிளையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டுப் பம்ப்செட் ரூமைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

அதற்குப் பிறகு

போலீஸ் வந்து ரைபிளையும் தோட்டாக்களையும் எடுத்துப் போனார்கள். கடையிலிருந்த ஒன்றையும் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். விற்றவனைப் பத்து நாளில் பிடித்தார்கள். அவன் இன்னும் மூன்று பேருக்கு விற்றிருந்தான். இரண்டு பேரிடம் தோட்டா வெடிக்காமல் கிடைத்தது. மூன்றாவது ஆள் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு கண் போய்விட்டது.

வெடித்த அன்றே சாயங்காலம் வீட்டில், இவருக்குச் சோறு ஊட்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வரை எண்ணியதையும், கடிதத்தைப் பற்றி வெங்கடாசலத்திடம் சொல்லிவிட்டதையும். கடிதம் என்றதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீங்க மட்டும் இல்ல. நானும்தான்," என்றேன். மிச்சச் சோற்றை அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

வெங்கடாசலத்தின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கேஸில் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னோடு பேசவில்லை. சந்தையில் ஒரு முறை எதிரே வந்தவர், வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேரன் காதுகுத்துக்குப் பத்திரிகை வரவில்லை. அது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் காதுகுத்து நடந்த அன்று கடையில் உட்கார முடியவில்லை.

விண்ணப்பம்

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கடை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். வெங்கடாசலம். புருவம் திரும்ப முளைத்திருந்தது, ஆனால் நரையாக.

நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் என் கணவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்," என்றார். "அந்தத் துப்பாக்கி வாங்குததுக்கு முன்னால வேற ரெண்டு கடையில விசாரிச்சிருந்தேன். ஒண்ணு திருநெல்வேலி, ஒண்ணு மதுரை. ரெண்டு பேரும் அதுக்குத் தோட்டா வராது, வாங்காதீங்கன்னாங்க. எனக்கு அது வேணும்னு இருந்தது. வரும்னு சொல்லுத கடையத் தேடித்தான் இங்க வந்தேன்."

என் கணவரின் இடது கை நாற்காலிப் பிடியிலிருந்து கிளம்பி, காற்றில் கொஞ்சம் தடுமாறி, வெங்கடாசலத்தின் முழங்காலில் போய் உட்கார்ந்தது. அவர் அதன் மேல் தன் கையை வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லைசென்ஸ் திரும்பக் குடுத்துட்டாங்க மதினி. அந்த நம்பர எடுத்துட்டு வேற நம்பர் எழுத மனு போடணும். பன்னி இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எது வாங்கட்டும்?"

"பன்னிரண்டு போர். வெடிச் சத்தம் போட்டு விரட்ட அது போதும். பாக்க ஒண்ணும் இருக்காது."

"பாத்ததெல்லாம் போதும்."

மனுவை நானே எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், புஞ்சையின் சர்வே எண், ஒப்படைத்த துப்பாக்கி, வேண்டுகிற துப்பாக்கி. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது, அதையும் எடுக்கவில்லை.

"வாசிங்க மதினி," என்றார். "ஒரு எழுத்து விடாம வாசிங்க."

மேலே இருந்து வாசிக்க ஆரம்பித்தேன். ஒப்படைத்த துப்பாக்கியின் எண் வந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தேதி, ஊர் என்று கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்த பிறகுதான் பேனாவுக்குக் கையை நீட்டினார்.